பெரியவளவு — அத்தியாயம் 14: உடைக்காத சோடா

பிரித்தானிய ஹோம் ஒஃபிஸ் அனுப்பிய கடிதத்தை எட்வேட் மூன்றாவது தடவையும் வாசித்துவிட்டு, மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்ததோடு போன கிழமை நிறுத்தியிருந்தோம். இந்தக் கிழமைதான் முதன்முதலாக இந்த வீட்டுக்குள் கால் வைக்கிறவர்களுக்கும் சேர்த்து அந்தக் கடிதத்தின் சாரத்தைச் சொல்லிவிடுகிறேன்.

'ஒரு பாடசாலை ஆசிரியரை ஆயுதக் குழுவொன்று ஏன் கொல்ல நினைக்கவேண்டும் என்பதற்கு நம்பத்தக்க காரணம் எதுவும் தரப்படவில்லை. ஆகவே அகதி விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது.'

அப்பீல் விசாரணை வருகிற திங்கட்கிழமை. இன்று வியாழன். அப்பீலும் தோற்றால் எட்வேட், அவர் மனைவி பியற்றிஸ், மகள் ஜெசிந்தா மூன்று பேரையும் கொழும்புக்குப் பிளேன் ஏற்றிவிடுவார்கள். துவக்கு வைத்திருக்கிறவன் எல்லாம் ஆள் தேடுகிற இந்த எண்பத்தொன்பதாம் ஆண்டு ஆடி மாதத்தில் கொழும்புக்குத் திரும்பிப் போவதென்றால் என்னவென்று உங்களுக்கு நான் சொல்லித் தரவேண்டியதில்லை.

காரணம் இல்லையாம்! காரணமா இல்லை? ஒரு கிணறு நிறையக் காரணம் இருந்தது. பெரியவளவு எட்வேட் மனுவேல்பிள்ளைக்கு அது வாயில் வராது, அவ்வளவுதான்.

அவர்களுடைய கடற்கரையூரில் தோண்டிய இடமெல்லாம் உவர். நல்ல தண்ணீர் ஊறியது எட்வேட்டின் வீடான பெரியவளவுக் கிணற்றில் மட்டும். ஒல்லாந்தர் காலத்தில் முதலியார் பட்டம் வாங்கிய பரம்பரை அது. பெரிய வீடுகளுக்கு ஊழியம் செய்த குடிமைச் சனம் குடத்தோடு வந்து வாசல் படலையடியில் நிற்கும். வீட்டுக்காரர் யாராவது மனமிரங்கி வந்து அள்ளி ஊற்றும்வரை நிற்கும். கயிற்றை அவர்கள் தொடக்கூடாது. ஞாயிற்றுக்கிழமை ஒரே பீடத்தில் நற்கருணை வாங்குகிற சனம்தான், இருந்தாலும் கயிறு கயிறுதான்!

எண்பத்தாறில் ஆயுத இயக்கப் பெடியள் வந்து, இனிமேல் கயிறு எல்லாருக்கும் பொது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். எட்டு நாள் எல்லாரும் அள்ளினார்கள். ஒன்பதாம் நாள் விடிய, கிணற்றில் மண்ணெண்ணெய் மிதந்தது. ஊற்றியது எட்வேட். பெடியள் துவக்கோடு திரும்பி வந்து அவரைக் கிணற்றுக்கட்டடியில் முழங்காலில் இருத்தினார்கள். சுடப் போன நேரத்தில் குறுக்கே விழுந்து அவர்களின் காலைப் பிடித்தவர் செபமாலைமுத்து. மூன்று தலைமுறையாகப் பெரியவளவுக்குக் குடிமை செய்த வீட்டுப் பிள்ளை. அந்தப் படலையடியில் குடத்தோடு நின்ற சனத்தில் ஒருவர். அவரால் எட்வேட்டின் உயிர் தப்பியது. மூன்றாம் நாள் குடும்பமே கொழும்புக்கு ஓடியது, அங்கிருந்து லண்டனுக்கு.

ஹோம் ஒஃபிஸுக்குக் கொடுத்த வாக்குமூலத்தில் எட்வேட் எழுதியது என்ன தெரியுமா? 'ஜனநாயகத்துக்காகக் குரல் கொடுத்தேன்.' மகளுக்குச் சொன்னதும் அதேதான். கிணற்றைப் பாழாக்கியது பெடியள் என்றுதான் ஜெசிந்தா இன்றுவரைக்கும் நம்பிக்கொண்டிருக்கிறாள்.

செபமாலைமுத்து இப்போது இல்ஃபோர்ட்டில் இருக்கிறார். துவக்கு நீட்டியதைக் கண்ணால் கண்ட ஒரே சாட்சி. அவரிடம் போய்க் கேட்கவேண்டிய நாள் இன்று.

* * *

காலை ஐந்து மணியிலிருந்து பியற்றிஸின் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. வெம்பிளியில் ஒரு குஜராத்திக்காரரின் தொழிற்சாலையில் வெட்டிக் கட்டாகக் கட்டிக் கொடுப்பார்கள். வீட்டில் வைத்துத் தைத்துத் திருப்பிக் கொடுக்கவேண்டும். இந்தக் கிழமை சட்டைக் கொலர். போன கிழமையும் கொலர்தான். கொலர் தைத்துத் தைத்து அவளுடைய சொந்தக் கழுத்து இடப்பக்கம் திரும்ப மறுத்தது.

அதே மேசையின் மறு அந்தத்தில் எட்வேட் குளித்து, தலை வாரி, மடிப்புக் குலையாத சட்டையோடு உட்கார்ந்திருந்தார். முன்னால் ஒரு கொப்பி, ஒரு தடித்த புத்தகம்.

பிரெஞ்சுப் புரட்சிக்கு இருநூறு வருடம் என்று லைபிறறியில் ஒரு மேசை நிறையப் புத்தகம் அடுக்கியிருந்தார்கள். அதில் ஒன்றை நாலு கிழமையாக அவர் தமிழாக்கிக்கொண்டிருக்கிறார். மார்வெய் பிரபு என்ற ஒருவரின் வாழ்க்கை. பழைய மாணவர் சங்க மலரில் போடப்போகிறார்களாம். ஒரு ரெஸ்ரோரன்ரில் கோப்பை கழுவப் போய், முதலாளி விரலைச் சொடுக்கிக் கூப்பிட்டான் என்று இரண்டாம் நாளே திரும்பி வந்த மனிதருக்கு இந்த வேலை மட்டும் அலுக்கவேயில்லை.

"இஞ்சரும், இதைக் கேளும்" என்றார். "நாலு ஊர் அந்தாளுக்குச் சொந்தம். சனம் பந்தத்தோடை வந்து முதல் கேட்டது காணி உறுதிப் பத்திரப் பெட்டியைத்தானாம். முற்றத்திலை போட்டுக் கொளுத்தியிருக்குதுகள். மீன் வள்ளத்திலை ஒளிச்சு லண்டனுக்கு வந்து, சோமர்ஸ் ரவுணிலை ஒரு அறை. ஒரே ஒரு அறை! ஆனா ஞாயித்துக்கிழமையிலை நீலக் கோட்டும் மெடலும் போட்டுக்கொண்டுதான் இருப்பாராம். வாற ஆக்கள் தொப்பியைக் கழட்டி, பேர் சொல்லித்தான் உள்ளுக்கு வருவினமாம்."

மெஷின் நிற்கவில்லை.

"சாப்பாட்டுக்கு என்ன செய்தவராம்?"

"மனுசி வைக்கல் தொப்பி தைச்சு வித்திருக்கிறா."

"எத்தினை வருசம்?"

"பத்து வருசம் வரும்."

"புத்தகத்திலை அதுக்கு எத்தினை பக்கம்?"

எட்வேட் நேர்மையாகவே பக்கங்களைப் புரட்டிப் பார்த்தார். அந்த விஷயத்தில் அவர் நேர்மையானவர்தான்.

"நாலு வரி."

பியற்றிஸ் அடுத்த கொலரை எடுத்தாள். சிரிப்பு வந்தது. அது வாய்க்கு வர முதலே கசந்துபோனது.

ஜெசிந்தா பள்ளிக்கூட உடுப்போடு, ஒரு கையில் கடித்த பாண் துண்டோடு வந்து நின்றாள். பதினாறு வயது. சோதனை எழுதி முடித்து, செப்டெம்பரில் மேல்வகுப்புக்கு இடமும் கிடைத்திருக்கிறது.

"அப்பா, பிளீஸ், இண்டைக்குப் போங்கோ. லோயர் மிஸ் ஹார்ட்லி நாலு மணிக்கு எல்லாப் பேப்பரும் வேணும் எண்டவ. லேட்டா குடுத்தா கோர்ட்டிலை எடுக்க மாட்டினமாம். அந்த அங்கிளிட்டை ஜஸ்ட் கேக்கிறது தானே?"

"அங்கிளோ?" எட்வேட் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கினார். "எந்த அங்கிள்?"

"செபமாலைமுத்து அங்கிள்."

அந்தப் பெயருக்குப் பின்னால் அப்படியொரு உறவுமுறை ஒட்டிக்கொண்டு வந்ததைக் கேட்டு அவருடைய முகம் போன போக்கைப் பியற்றிஸ் பார்த்தாள். அவர் எழும்பிப் போய்க் கழுத்துப்பட்டி கட்டத் தொடங்கினார்.

"கேக்கிறதுக்கு ஒண்டுமில்லை" என்றார் கண்ணாடியைப் பார்த்து. "சொன்னாச் செய்வான். அவன்ரை தகப்பன் எங்கடை விறாந்தைப் படி ஏறினதில்லை."

* * *

வெம்பிளி பார்க்கில் பியற்றிஸோடு ஏறி, லிவர்பூல் ஸ்ட்றீட்டில் மாறி, இல்ஃபோர்ட்டில் இறங்கும்வரை எட்வேட் அதே யோசனையில் இருந்தார். சாட்சியைப் பற்றி இல்லை. செபமாலைமுத்துவை எப்படிக் கூப்பிடுவது என்பதைப் பற்றி! 'நீ' என்றால் காரியம் கெடும். 'நீங்கள்' என்றால் நாக்குப் புரளாது. பெயர் சொல்லாமல், முறை சொல்லாமல் சமாளிக்கலாம் என்று முடிவெடுத்திருப்பார் போல. இறங்கும்போது முகம் சற்றுத் தெளிந்திருந்தது.

வரிசை வீடுகளில் ஒன்று. செபமாலைமுத்துவும் அவர் தமையனும் சேர்ந்து வாங்கியது. வாசலிலே லூர்து மாதா படம். கதவு திறந்ததும் மீன்குழம்பு வாசம் முகத்தில் அடித்தது.

"வாங்கோ எட்வேட் அண்ணை. வாங்கோ அக்கா."

ஊரில் 'நயினார்' என்று கூப்பிட்ட வாய். எட்வேட் அந்த 'அண்ணை'யை விழுங்கிக்கொண்டு உள்ளே போனதைப் பியற்றிஸ் பின்னாலிருந்து பார்த்தாள். பிடரி சிவந்திருந்தது.

மூன்று பேர் இருக்கும் சோபா ஒன்று கிடந்தது. ஜன்னலோரமாக ஒரு தனிக் கதிரை. அதன் கையில் செபமாலைமுத்துவின் மூக்குக்கண்ணாடியும் பாதி வாசித்த பேப்பரும் கிடந்தன. எட்வேட் நேரே போய் அந்தக் கதிரையில் உட்கார்ந்தார். வீட்டுக்காரர் பேப்பரையும் கண்ணாடியையும் எடுத்துக்கொண்டு சோபாவில் இருந்தார்.

"விசயம் தெரிஞ்சிருக்கும்" என்று தொடங்கினார் எட்வேட், அறையின் நடுவைப் பார்த்து. "திங்கக்கிழமை விசாரணை. அண்டைக்குத் துவக்கோடை வந்ததைக் கண்டதெண்டு ஒரு கடிதமும், கோர்ட்டுக்கு ஒருக்கா வந்து சொல்லுறதும்தான். வேறை ஒண்டுமில்லை."

"ஓம் அண்ணை. உங்கடை மகள் நேற்று ரெலிபோனிலை சொன்னவ. நல்ல பிள்ளை."

அந்த நேரத்தில் செபமாலைமுத்துவின் மனைவி றோஸ்மலர் தட்டோடு வந்தாள்.

தட்டில் பொன் விளிம்பு வைத்த கோப்பைகளில் மூன்று தேநீர். பக்கத்தில் மூடி உடைக்காத ஒரு கிறீம் சோடாப் போத்தல். அதன் அருகே மூடி திறக்கும் கருவி.

யாழ்ப்பாணத்துக்காரருக்கு நான் இதை விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பெரிய வீட்டுக்காரர் தவிர்க்க முடியாத ஒரு செத்தவீட்டுக்கோ கலியாணத்துக்கோ குடிமை வீட்டுக்குப் போனால் அங்கே சமைத்ததைத் தொடமாட்டார்கள். கடையிலிருந்து சோடா வரும். மூடியை அவர்கள் கண் முன்னால்தான் உடைக்கவேண்டும். வீட்டுக்காரரின் கை உள்ளே படவில்லை என்பதற்கு அந்த மூடிதான் சாட்சி. குடித்துவிட்டு, 'உன்ரை வீட்டிலை கை நனைச்சிட்டன், சந்தோசம்தானே' என்று சொல்லிவிட்டுப் போவார்கள். வெட்கக்கேடு!

செபமாலைமுத்து போத்தலைக் கண்டதும் மனைவியை முறைத்தார்.

"உதை ஏன் கொண்டந்தனீர்?"

"கிடக்கட்டுமே" என்றாள் றோஸ்மலர். "விருப்பமானதை எடுக்கட்டும்."

பியற்றிஸுக்கு உடனே விளங்கிவிட்டது. புருஷனின் காலை மிதிக்கலாமென்றால் இடையில் ஒரு ஸ்ரூல். இருமினாள். எட்வேட் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் அப்பீல் எத்தனை மணிக்கு, எந்தக் கட்டிடம், எந்தப் பஸ் என்று சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லிக்கொண்டே கை நீண்டது. தேநீர்க் கோப்பைக்கு மேலாகப் போய்ப் போத்தலைப் பிடித்தது. திறப்பானை எடுத்தது. மூடியை உடைத்தது. எல்லாம் ஒரு நொடிக்குள். அந்தக் கை மூளையைக் கேட்டுவிட்டுப் போகவில்லை. மூன்று தலைமுறைப் பழக்கம்.

"நல்லதாப் போச்சு" என்று ஒரு மிடறு குடித்துவிட்டுச் சொன்னார். "வெளியிலை நல்ல வெய்யில்."

றோஸ்மலர் தன் புருஷனைப் பார்த்தாள். 'பாத்தீங்களோ' என்று அந்தப் பார்வை கேட்டது. செபமாலைமுத்து தலையைக் குனிந்துகொண்டார்.

பியற்றிஸ் தன் கோப்பையை எடுத்து ஒரே மூச்சில் குடித்தாள். நாக்கு வெந்தது. வேகட்டும் என்று நினைத்தாள்.

செபமாலைமுத்து சட்டைப்பையிலிருந்து ஒரு என்வலப்பை எடுத்தார்.

"இது நான் நேற்றே எழுதி வைச்சிட்டன் அண்ணை. உங்கடை கேஸிலை இருக்கிற மாதிரியே எழுதினது. பெடியள் வந்தவங்கள், சுடப் பாத்தவங்கள், நான் தடுத்தனான். கிணத்தைப் பற்றி ஒரு சொல்லு இல்லை."

"அதுதானே! அதுதான் வேணும்." எட்வேட் கையை நீட்டினார்.

"இப்ப இதை நான் தரேல்லை."

"என்ன?"

"பொய்ச் சாட்சி சொல்லுறது பாவம் எண்டு தெரிஞ்சும் எழுதினனான். ஏனெண்டா, பழசு பழசாப் போகட்டும், அந்நிய நாட்டிலை நாங்கள் எல்லாரும் ஒரு சனம் எண்டு நினைச்சன். இவ சொன்னவ, இல்லையெண்டு. நான்தான் நம்பேல்லை."

எட்வேட் போத்தலைப் பார்த்தார். செபமாலைமுத்துவைப் பார்த்தார். அப்போதுதான் விளங்கியது.

"சோடா எடுத்தது பிழையோ? தட்டிலை வைச்சுத் தந்ததுதானே!"

"தேத்தண்ணி தந்ததும் நாங்கள்தான் அண்ணை."

எட்வேட் கழுத்துப்பட்டியைத் தளர்த்தினார்.

"நான் வராமல் விடமாட்டன்" என்றார் செபமாலைமுத்து. குரல் உயரவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "திங்கக்கிழமை வருவன். கேட்டா உள்ளதைச் சொல்லுவன். காரணம் இல்லையெண்டு தானே வெள்ளைக்காரன் எழுதியிருக்கிறான்? காரணத்தை உங்கடை கையாலை எழுதுங்கோ. எண்ணெய் ஊத்தினது நான் எண்டு எழுதிக் கையெழுத்துப் போட்டு, இண்டைக்கே லோயரிட்டைக் குடுங்கோ. அப்ப உங்கடை சொல்லும் என்ரை சொல்லும் ஒண்டாயிருக்கும். கேஸும் நிக்கும். எழுதாட்டி நான் வந்தாலும் உங்கடை கேஸ் விழும், வராட்டியும் விழும்."

"என்னைக் கொண்டு எழுதுவிக்கப் பாக்கிறியோ?" எட்வேட் எழும்பிவிட்டார். வழி முழுக்கப் பார்த்துப் பார்த்து ஒளித்து வைத்திருந்த 'நீ' வெளியே வந்துவிட்டது. "மனுவேல்பிள்ளை முதலியாரின்ரை பேரன், நான் ஊர்க் கிணத்திலை எண்ணெய் ஊத்தினன் எண்டு வெள்ளைக்காரிக்கு முன்னாலை எழுதிக் குடுக்கோணும், நீ பாத்துக்கொண்டு நிக்கோணும், என்ன?"

"ஊத்தினது உண்மைதானே அண்ணை."

பியற்றிஸ் கோப்பைகளைத் தட்டில் அடுக்கி எடுத்துக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டாள்.

* * *

கழுவுதொட்டியில் கோப்பையை வைத்துத் தண்ணீரைத் திறந்தாள். பின்னால் றோஸ்மலர் வந்து நின்றாள்.

"வையுங்கோ அக்கா, நான் கழுவுறன்."

"பரவாயில்லை."

"ஊரிலை எனக்குத் தண்ணி அள்ளி ஊத்தக் குனியாத கை. இஞ்சை என்ரை கோப்பை கழுவுது." சொல்லிவிட்டு றோஸ்மலர் சிரிக்கவில்லை. "எண்ணெய் ஊத்தினது அண்ணைதான். எண்ணெய் ரின்னைத் தூக்கிக்கொண்டு போய்க் குடுத்தது நீங்கள். நான் வேலிக்குள்ளாலை கண்டனான். விளக்குக்கு எண்ணெய் விடப் போறா எண்டு நினைச்சன். மடைச்சி."

பியற்றிஸின் கையில் கோப்பை அப்படியே நின்றது. மூன்று வருடமாக அவளுக்கும் எட்வேட்டுக்கும் மட்டும் தெரிந்த விஷயம் என்று நினைத்திருந்தாள்.

அதைச் சொல்லியே ஆகவேண்டும். எட்டு நாளும் எட்வேட் வாயைப் பொத்திக்கொண்டுதான் இருந்தார். காலம் மாறிப்போச்சு, என்ன செய்யிறது என்றுகூட ஒரு தடவை சொன்னார். பொறுக்க முடியாமல் போனது பியற்றிஸுக்கு. றோஸ்மலரின் வாளி இறங்கி ஏறிய தண்ணீரில் நான் உலை வைக்கமாட்டன் என்று இரண்டு நாள் அடுப்பு மூட்டாமல் இருந்தவள் அவள்.

"உங்களுக்கு ஒண்டு தெரியுமோ?" என்றாள் றோஸ்மலர். "ஆரும் காண முதல், விடியக்காலமை என்ரை பிள்ளை போய்க் குடிச்சிட்டுது. நாலு வயது. எண்ணெய் சுவாசப்பைக்குள்ளை போயிட்டுது. பதினொரு நாள் பெரியாஸ்பத்திரியிலை கிடந்தவள். இவர் அண்ணைக்காகப் பெடியளின்ரை காலிலை விழேக்கை பிள்ளைக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. அது தெரிஞ்சுதான் விழுந்தவர். நான் அதுக்கு அவரை இன்னும் மன்னிக்கேல்லை."

"எனக்குத் தெரியாது றோஸ்மலர். மாதாவாணை எனக்குத் தெரியாது."

"தெரிஞ்சிருந்தா?"

தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. பியற்றிஸ் பதில் தேடினாள். நல்ல பதில் ஒன்று இருந்தது. அது உண்மையா என்று அவளுக்கே நிச்சயமில்லை. ஆகவே சொல்லவில்லை.

"இப்ப பிள்ளை எப்பிடி?"

"பள்ளிக்கூடத்துக்குப் போயிட்டாள். பனிக்காலம் வந்தாத்தான் கஷ்டம்."

றோஸ்மலர் குழாயை மூடினாள்.

* * *

திரும்பி வரும் ரயிலில் எட்வேட் பேச்சுக்கு மார்வெய் பிரபுவைக் கூட்டிக்கொண்டு வந்தார். அந்த மனிதருக்கு வேறு யார் துணை!

"கடைசியிலை அரசாங்கம் மன்னிப்புக் குடுத்தது. ஓடிப்போன பிரபுக்கள் எல்லாரும் ஒரு பேப்பரிலை கையெழுத்துப் போட்டா ஊருக்குத் திரும்பலாம். புதுச் சட்டத்துக்குப் பணியிறன் எண்டு ஒரு வரி. ஆயிரக்கணக்கிலை போட்டாங்கள். மார்வெய் போடேல்லை. அந்த அறையிலேயே கிடந்து செத்தான். மனுசன் எண்டா அவன்."

"மனுசி?"

"என்ன மனுசி?"

"தொப்பி தைச்சவ. அவ கையெழுத்துப் போட்டவவோ?"

"அதெல்லாம் எழுதேல்லை."

"எழுதாயினம்" என்றாள் பியற்றிஸ்.

எதிரே ஒரு வெள்ளைக்காரக் கிழவர் சன்னமாகக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். பியற்றிஸ் புருஷனின் கையைப் பிடித்தாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு பிடித்தாள்.

"இஞ்சாருங்கோ. பிஞ்ச்லி ரோட்டிலை இறங்குவம். பிள்ளை அங்கை லோயரிட்டை நிப்பாள். ஒரு வரி எழுதுங்கோ. பிள்ளையின்ரை படிப்புக்காக எழுதுங்கோ. உங்களை ஆரும் குறைவா நினைக்காயினம்."

"ஜெசிந்தா நினைப்பாள்."

அந்த ஒரு சொல்லில் முதலியார் இல்லை, பெரியவளவு இல்லை. ஒரு தகப்பனின் பயம் மட்டும் இருந்தது. பியற்றிஸுக்கு அவர்மேல் இரக்கம் பொங்கியது. இவ்வளவு கோபத்துக்குள்ளும் இரக்கம் எங்கிருந்து வந்ததோ!

பிஞ்ச்லி ரோட் வந்தது. கதவு திறந்தது. எட்வேட் எழும்பவில்லை.

"நான் லைபிறறிக்குப் போறன்" என்றார். "புத்தகம் நாளைக்குத் திருப்பிக் குடுக்கவேணும்."

பியற்றிஸ் இறங்கினாள்.

* * *

மிஸ் ஹார்ட்லியின் அறை ஒரு கடைக்கு மேல் மாடியில். மேசை, தரை, ஜன்னல் விளிம்பு எல்லாம் கோப்புகள். முப்பது வயது இருக்கும். நல்ல மனுஷி, ஆனால் பேசும்போதும் எழுதிக்கொண்டே இருப்பாள்.

பியற்றிஸுக்கு இங்கிலீஷ் கேட்டால் அரைவாசி விளங்கும், பேசத்தான் வராது. இங்கே வந்த நாள் தொடக்கம் டொக்டரிடம், கவுன்சிலில், தபாற்கந்தோரில் தாயின் வாயாக இருப்பவள் ஜெசிந்தா.

"அப்பா எங்கை?" என்றாள் ஜெசிந்தா. "லெட்டர் கிடைச்சதோ?"

"கடிதம் இல்லை. நான்தான் சொல்லப் போறன். நான் சொல்லுறதை அப்பிடியே சொல்லு. கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது."

கிணற்றிலிருந்து தொடங்கினாள். உவர்த் தண்ணீர், படலையடி, குடம், கயிறு. ஜெசிந்தா சுறுசுறுப்பாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். மிஸ் ஹார்ட்லியின் பேனா ஓடியது. பெடியள் வந்து கயிறு பொது என்றது. எட்டு நாள்.

"ஒன்பதாம் நாள் அப்பா கிணத்திலை மண்ணெண்ணெய் ஊத்தினவர்."

ஜெசிந்தா நின்றுவிட்டாள்.

"அம்மா, அது போய்ஸ் தானே செய்தது. அப்பா சொன்னவரே."

"சொல்லு."

"அம்மா…"

"நான் சொல்லுறதைச் சொல்லு பிள்ளை."

ஜெசிந்தா சொன்னாள். ஒவ்வொரு இங்கிலீஷ்ச் சொல்லும் தனித்தனியாக விழுந்தது. பேனா ஒரு தரம் நின்று மறுபடி ஓடியது.

"செய்யச் சொன்னது நான். றோஸ்மலரின்ரை வாளி பட்ட தண்ணியிலை சமைக்கமாட்டன் எண்டு ரெண்டு நாள் அடுப்பு மூட்டேல்லை. ரின்னைத் தூக்கிக்கொண்டு போய்க் குடுத்ததும் நான். அந்தத் தண்ணியை ஒரு பிள்ளை குடிச்சது. நாலு வயது. பதினொரு நாள் ஆஸ்பத்திரி. அந்தப் பிள்ளையின்ரை தகப்பன்தான் அப்பாவைக் காப்பாத்தினவர்."

ஜெசிந்தா சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். குரலில் அழுகை இல்லை. பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்புவிக்கும் குரல். பியற்றிஸுக்கு, மகள் அழுதிருந்தால் தேவலை என்று இருந்தது.

மிஸ் ஹார்ட்லி தலையைத் தூக்கி இரண்டு வசனம் சொன்னாள். ஜெசிந்தா அதைத் தமிழில் சொன்னாள்.

"இதாலை கேஸ் நிக்குமாம். ஆனா அப்பா மண்டே வந்து இது பொய்யெண்டு சொன்னா, ஆரோ ஒராள் பொய் சொல்லுறியள் எண்டு எல்லாம் முடிஞ்சிடுமாம். சைன் பண்ணுறீங்களோ எண்டு கேக்கிறா."

பியற்றிஸ் பேனாவை வாங்கித் தமிழில் தன் முழுப்பெயரை எழுதினாள். மிஸ் ஹார்ட்லி பேப்பரை இழுத்து, குனிந்து, ஓரத்தில் திகதி போடத் தொடங்கினாள்.

"இன்னொண்டும் கேக்கிறா" என்றாள் ஜெசிந்தா. "நீங்கள் இதை வெக்கப்பட்டுச் சொல்லுறீங்களோ, இல்லாட்டி கேஸ் வெல்லுறதுக்காகச் சொல்லுறீங்களோ எண்டு."

மிஸ் ஹார்ட்லி வாயே திறக்கவில்லை. திகதிக்குக் கீழே ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். அது பியற்றிஸுக்குத் தெரியும். தெரியும் என்பது ஜெசிந்தாவுக்கும் தெரியும்.

பியற்றிஸ் மகளின் முகத்தைப் பார்த்தாள்.

"கேஸுக்காக எண்டு சொல்லு" என்றாள். "கேஸ் இல்லாட்டி நான் செத்தாலும் உனக்கு இதைச் சொல்லியிருக்கமாட்டன்."

ஜெசிந்தா அதை இங்கிலீஷில் சொல்லவில்லை.